உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பழைய கேஸ் அடுப்பை மாற்றுவது எப்படி?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை கடலோர வீடுகளில் கேஸ் அடுப்பு கெடுகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மேல்தகடு துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடித்தகடு பொரிந்துபோய்க் கையோடு உதிரும். காற்றில் வரும் உப்பு ஒரு பக்கம், உவர்த்தண்ணீரில் நனைத்த துணியால் தினமும் துடைப்பது இன்னொரு பக்கம். கடைக்காரர் காட்டும் அழகைவிட அடுப்பின் அடிப்பக்கமும், டியூப்பும், அது வைக்கப்படும் இடமும்தான் இங்கே முக்கியம். முதன்முதலாக அடுப்பு மாற்றுகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

முதலில்: மாற்றத்தான் வேண்டுமா?

எல்லாக் கோளாறுக்கும் புது அடுப்பு தேவையில்லை. நாப் இறுகித் திருப்ப முடியாமல் போனால், உள்ளே வால்வில் இருக்கும் கிரீஸ் காய்ந்திருக்கிறது. மெக்கானிக் வால்வைக் கழற்றித் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். பலர் அதில் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். சில நாளில் அந்த எண்ணெய் சூட்டில் பிசினாகி முன்னைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். பர்னரில் விரிசல் விழுந்திருந்தாலோ, துளைகள் தேய்ந்து பெரிதாகியிருந்தாலோ அந்தப் பர்னரை மட்டும் மாற்றலாம்.

அடுப்பையே மாற்ற வேண்டிய நிலை மூன்று. அடியில் கேஸ் ஓடும் குழாயில் துரு குழி விழுந்திருப்பது. கிரீஸ் மாற்றிய பிறகும் வால்வில் கசிவு நிற்காதது. கால்களோ சட்டமோ அரித்து, பாத்திரம் வைத்தால் அடுப்பு ஆடுவது. குழாயில் விழுந்த ஓட்டையைப் பசை போட்டு அடைத்து ஓட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அந்தப் பசை எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. அதைச் செய்யவே கூடாது.

வாங்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

டேப்பை எடுத்து மேடையின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் புழங்கும் பாத்திரங்களில் அகலமான இரண்டை மேடையில் அருகருகே வைத்து, நடுவிலிருந்து நடு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். மீன் குழம்புச் சட்டியும் சோற்றுப் பானையும் ஒரே நேரத்தில் ஏறுகிற வீட்டில், பர்னர் இடைவெளி குறைந்த அடுப்பு தினமும் தொல்லை தரும். மூன்று பர்னர் அடுப்பில் நடுப்பர்னர் பெரும்பாலும் டீக்கும் தாளிப்புக்கும்தான் உதவும். பக்கத்தில் இரண்டு பெரிய பாத்திரங்கள் இருந்தால் நடுவில் எதுவும் உட்காராது. நான்கைந்து பேர் வீட்டுக்கு இடைவெளி நல்ல இரண்டு பர்னரே போதும்.

உயரம் இன்னும் முக்கியம். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2 அடிக்குச் சற்று மேல் உயரம் வரும். அடுப்பு, சிலிண்டரின் தலையைவிடக் குறைந்தது 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். குத்தவைத்துச் சமைத்துப் பழகிய வீடுகளில் கேஸ் அடுப்பைத் தரையிலோ பலகையிலோ வைத்து, பக்கத்தில் சிலிண்டரை நிறுத்துகிறார்கள். சுடர் கீழே, ரெகுலேட்டர் மேலே, நடுவில் டியூப் சூட்டுக்குப் பக்கத்தில் என்று எல்லாமே தலைகீழாகிவிடுகிறது. புது அடுப்பு வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி, செங்கல் வைத்துக் கடப்பாக்கல் போட்ட ஒரு மேடை கட்டிவிடுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு ஐ.எஸ். 4246 என்ற எண்ணும் அடுப்பில் இருக்க வேண்டும். வீட்டு கேஸ் அடுப்புக்கான தரக்குறி அதுதான். அந்தத் தரத்தின்படி அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும். எரியும் கேஸின் சூட்டில் அவ்வளவாவது பாத்திரத்தில் இறங்க வேண்டும் என்று பொருள். முத்திரையில்லாத மலிவு அடுப்பில் மிச்சமாகும் பணம் சிலிண்டரில் போய்விடும். கேஸ் ஏஜென்சியில்தான் அடுப்பு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஐ.எஸ்.ஐ. அடுப்பை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

அடுத்தது தகடு. கடைகளில் கிடைக்கும் ஸ்டீல் அடுப்புகள் எல்லாம் ஒரே ஸ்டீல் இல்லை. 304 வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 202 வகையில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். உப்பு பட்டால் சீக்கிரம் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தம் நன்றாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத மலிவு வகை அல்லது இரும்புத் தகடு என்று தெரியும். ஒட்டாவிட்டால் 304 என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் 202-லும் ஒட்டாது. பெட்டியிலோ விவரத் தாளிலோ எந்த வகை என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். 304-ம்கூட உப்பில் நாள்கணக்கில் ஊறினால் குழி விழும். மெதுவாக விழும், அவ்வளவுதான்.

கண்ணாடி அடுப்பு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் உடல் பல மாடல்களில் பெயின்ட் பூசிய இரும்புத் தகடுதான், அது கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். கடையிலேயே அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். தகட்டின் வெட்டு விளிம்புகளிலும் திருகாணித் துளைகளிலும் பெயின்ட் முழுதாக ஏறியிருக்கிறதா, கால்களின் ரப்பர் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமான மண்சட்டியையும் குக்கரையும் தூக்கி ‘டொக்’கென்று வைத்துப் பழகிய கைக்குக் கண்ணாடி ஒத்துவராது. எங்கள் கருத்தில் இந்தக் கரைக்குக் கண்ணாடியைவிட நல்ல ஸ்டீல் அடுப்பே மேல்.

பர்னர் பித்தளையாக இருக்கட்டும். கையில் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். உப்புக்காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும், ஆனால் தேய்த்தால் போய்விடும். பாத்திரம் தாங்கும் ஸ்டாண்டு எனாமல் பூசிய கம்பியாக இருந்தால், எனாமல் ஒரு இடத்தில் உதிர்ந்ததும் அங்கிருந்து துரு தொடங்கும். தடித்த ஸ்டீல் கம்பி கிடைத்தால் அதையே எடுங்கள். உருண்டை அடிச் சட்டியை வீட்டிலிருந்து கொண்டுபோய் ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாப் திருப்பினாலே தானாகப் பற்றும் அடுப்பு வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. பொறி விடும் ஊசியும் அதன் இணைப்பும் ஈரத்திலும் உப்பிலும் முதலில் செத்துப்போகிற பாகங்கள். சாதாரண நாப், கையில் ஒரு லைட்டர், இது போதும். கூடுதல் பணம் செலவிட முடியுமானால், சுடர் அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வசதி உள்ள மாடலைக் கேளுங்கள். காற்று வீசும் கடற்கரை அடுப்படிக்கு அது மிகவும் பயனுள்ளது.

குழாய்வழி இயற்கை எரிவாயு வரும் தெருவில் இருப்போர், அதற்கான ஜெட் (பர்னருக்குள் கேஸைப் பீச்சும் சிறு துளையுள்ள பாகம்) உள்ள அடுப்பா என்று கேட்டு வாங்க வேண்டும். சிலிண்டர் கேஸுக்கான ஜெட் துளை சிறியது. இயற்கை எரிவாயுவுக்குப் பெரிய துளை வேண்டும். ஒன்றின் ஜெட்டில் மற்றதை எரிக்கக் கூடாது.

டியூப்பும் ரெகுலேட்டரும்

பழைய டியூப்பைப் புது அடுப்பில் மாட்டுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. பழைய டியூப்பின் முனை, அது மாட்டியிருந்த பழைய நாசிலின் (டியூப் ஏறும் வரிபோட்ட உலோக முனை) வடிவத்துக்கு விரிந்து கெட்டியாகியிருக்கும். புது நாசிலில் அது சரியாகப் பிடிக்காது. அடுப்போடு சேர்த்து டியூப்பையும் மாற்றுங்கள்.

ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலையோடு வரும் ‘சுரக்ஷா’ வகை டியூப்தான் வேண்டும். அதில் ஐ.எஸ். 9573 என்றும், தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். ஆயுள் 5 ஆண்டு. 1.2 மீட்டர், 1.5 மீட்டர் என இரு நீளங்களில் கிடைக்கும். 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு துண்டை ஒட்டுப்போட்டும் நீட்டக் கூடாது. கம்பி வலை இருப்பதால் எலிக்கடிக்கு ஓரளவு தாங்கும். பச்சை நிறச் சாதா ரப்பர் டியூப்பை விலை குறைவென்று எடுக்காதீர்கள். சுவரில் துளைபோட்டு அதன் வழியாக டியூப்பை விடுவதும் வேண்டாம். துளைக்குள் அதில் வெடிப்பு விழுந்திருந்தால் யாருக்கும் தெரியாது.

ரெகுலேட்டர் எரிவாயு நிறுவனத்தின் உடைமை. பழுதானால் ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும், வெளிக்கடையில் வாங்கக் கூடாது. வீட்டு ரெகுலேட்டர் கேஸை ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 30 கிராம் என்ற சிறிய அழுத்தத்தில்தான் விடும். விசேஷத்துக்குப் பிரியாணி தம் போடும் பட்டி அடுப்பின் ரெகுலேட்டர் வேறு. அதில் அழுத்தம் பல மடங்கு. அதை வீட்டு அடுப்பில் மாட்டினால் சுடர் முகத்துக்கு எழும்பும்.

பழைய அடுப்பைக் கழற்றுதல்

பகலில், காற்று அடங்கிய வேளையில் செய்யுங்கள். விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. பக்கத்தில் விறகடுப்பு இருந்தால் கங்கு முழுக்க அணைந்திருக்க வேண்டும். சீமைக்கருவேலக் கங்கு சாம்பலுக்குள் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும், கிளறிப் பார்த்துத் தண்ணீர் தெளியுங்கள்.

1. ஒரு பர்னரைப் பற்றவைத்து, அது எரியும்போதே ரெகுலேட்டரை அணையுங்கள். டியூப்பில் மிஞ்சிய கேஸ் எரிந்து சுடர் தானாக அடங்கும். பிறகு நாப்களை மூடுங்கள்.

2. ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து எடுத்து, நூலோடு தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின்மேல் ‘டக்’கென்று மாட்டுங்கள். மூடி தொலைந்திருந்தால் ஏஜென்சியில் கேட்டு வாங்குங்கள்.

3. சிலிண்டரை நிமிர்த்தியபடியே அடுப்படிக்கு வெளியே கொண்டுபோய் நிழலில் வையுங்கள். படுக்கப்போட்டு உருட்டக் கூடாது.

4. டியூப் நாசிலில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். எப்படியும் அதைத் தூக்கிப்போடத்தான் போகிறோம். நாசிலுக்கு ஓரங்குலம் தள்ளி அறுத்துவிடுங்கள். ரெகுலேட்டர் பக்கம் மட்டும் கத்தியை அழுத்தாமல், டியூப்பை நீளவாக்கில் லேசாகக் கீறி உரித்தெடுங்கள். அந்த நாசிலில் கீறல் விழுந்தால் புது டியூப்பிலும் கசியும்.

5. அடுப்பை எடுத்ததும் மேடையைக் கழுவிக் காயவிடுங்கள். வருஷக்கணக்கில் படிந்த எண்ணெயும் உப்பும் அங்கே இருக்கும். அதன்மேலேயே புது அடுப்பை வைத்தால் கால் திருகாணிகள் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும்.

எங்கே வைப்பது?

ஆடி மாதக் கச்சான் காற்று தெற்கு, மேற்குப் பக்கமிருந்து அடிக்கும். மழைக்காலத்து வாடைக்காற்று வடக்கிலிருந்து வரும். இரண்டுக்கும் நேராக இல்லாத இடத்தில் அடுப்பு இருக்க வேண்டும். ஜன்னலுக்கு நேரே வைத்தால் சிம்மில் இருக்கும் சுடரைக் காற்று அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். காற்றைத் தடுக்க ஜன்னலை முழுக்க அடைத்துவிடுவதும் சரியில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். தரைமட்டத்தில் அது வெளியேற வழி வேண்டும். சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்திருந்தால், கதவின் அடியில் துளைகள் போட்டே ஆக வேண்டும். பள்ளத்திலோ சாக்கடை வாய்க்குப் பக்கத்திலோ சிலிண்டரை வைக்காதீர்கள்.

கீற்றுக் கொட்டகை அடுப்படியாக இருந்தால், அடுப்புக்கு நேர் மேலேயும் பின்னாலும் ஓலை இல்லாதபடி தகரமோ சிமென்ட் தகடோ இருக்க வேண்டும். கருவாட்டுக் கூடை, மண்ணெண்ணெய் கேன் எதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பொருத்துதல்

புது அடுப்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை முழுக்க உரித்துவிடுங்கள். புதுசாகவே இருக்கட்டுமென்று விட்டுவைத்தால் தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் உப்புநீர் புகுந்து அங்கேதான் முதல் புள்ளி விழும். பர்னருக்குக் கீழே கேஸும் காற்றும் கலக்கும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்டித் துண்டு, தெர்மோகோல் கிடக்கும். நெடுநாள் கிடங்கில் கிடந்த அடுப்பென்றால் சிலந்தி வலையோ குளவிக்கூடோகூட இருக்கும்.

பர்னர்களை அவற்றின் இருக்கையில் ஆட்டமில்லாமல் உட்காரவையுங்கள். பெரியது, சிறியது மாறிவிடக் கூடாது. நான்கு காலும் மேடையில் படிய வேண்டும். பாத்திர விளிம்பு சுவரில் இடிக்காத அளவு முன்னால் தள்ளி வையுங்கள்.

டியூப்பின் ஒரு முனையை அடுப்பு நாசிலிலும் மறுமுனையை ரெகுலேட்டர் நாசிலிலும் எல்லா வரிகளும் மறையும்வரை முழுசாக ஏற்றுங்கள். ஏறவில்லையென்றால் முனையை வெந்நீரில் சிறிது நேரம் முக்கினால் இளகும். எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள். ரப்பரைக் கெடுக்கும், பிடிப்பும் நழுவும். முழுசாக ஏற்றியிருப்பதுதான் உண்மையான பிடிமானம். கிளிப் போட்டால் அளவோடு இறுக்குங்கள், கடுமையாகத் திருகினால் ரப்பரை அறுத்துவிடும். டியூப் அடுப்புக்கு அடியில் போகாமல், சூடு படாமல், மடங்காமல் தொங்க வேண்டும்.

சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து, வால்வின் மூடியைத் திறந்து, உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலோ கிழிந்தோ இருந்தால் எந்த ரெகுலேட்டரும் கசியும். ரெகுலேட்டரை அணைத்த நிலையில், அடியிலுள்ள கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின்மேல் நேராக வைத்து லேசாகத் திருகியபடி அழுத்தி, வளையத்தை விடுங்கள். தூக்கிப் பார்த்தால் கழன்று வரக் கூடாது.

கசிவுச் சோதனை

இதை முடிக்காமல் லைட்டரைக் கையில் எடுக்கக் கூடாது. ஒரு கிண்ணம் தண்ணீரில் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கலந்து நுரை வருமளவு அடியுங்கள். அடுப்பு நாப்கள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சிறு பிரஷ்ஷால் இந்த இடங்களில் தடவுங்கள்: ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடம், டியூப்பின் இரு முனைகள், டியூப்பின் நீளம், அடுப்புக்கடியில் குழாய் மூட்டுகள், ஒவ்வொரு நாப்பின் கழுத்து. ஒவ்வொன்றையும் அரை நிமிடமாவது பாருங்கள். சிறு கசிவில் குமிழி மெதுவாகத்தான் எழும். கேஸ் வீச்சத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது கேஸில் கசிவைக் காட்டுவதற்காகவே கலக்கப்படும் மெர்காப்டனின் வாடை. மீன் வாடையும் கருவாட்டு வாடையும் நிறைந்த அடுப்படியில் மூக்கு அதைத் தவறவிடும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்ப்பவர் யாராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

டியூப் முனையில் குமிழி வந்தால் கழற்றி இன்னும் ஆழமாக ஏற்றுங்கள். ரெகுலேட்டர் அடியில் வந்தால் வாஷர் மாற்ற வேண்டும். நாப் கழுத்திலோ குழாய் மூட்டிலோ வந்தால் அது அடுப்பின் குறை. பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள், நீங்களே திறக்காதீர்கள்.

கசிவு பெரிதாக இருந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, மின்சார சுவிட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும், சிலிண்டருக்கு மூடி போட்டு வெளியே கொண்டுபோங்கள். வெட்டவெளிக்கு வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எரிவாயு கசிவுக்கென்றே நாள் முழுவதும் இயங்கும் எண் அது. சோதனைத் தண்ணீரைப் பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தெடுத்துவிடுங்கள்.

சுடரைப் படிப்பது

பற்றவைத்ததும் சுடர் நீலமாக, உள்ளே கூம்பு தெளிவாக, சத்தமில்லாமல் நிற்க வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டி, பாத்திர அடி கறுத்தால் காற்றுக் கலப்பு போதவில்லை. கலக்கும் குழாயில் அடைப்பு இருக்கும். சுடர் பர்னரைவிட்டுத் தூக்கி ‘உஸ்’ என்று இரைந்தால் காற்று அதிகம். ‘டப்’பென்று உள்ளே இழுத்து ஜெட்டில் எரிந்தால் உடனே அணைத்து, ஆறவிட்டு, பர்னரைச் சரியாக உட்காரவையுங்கள். ஜெட் துளையை ஊசி விட்டுக் குடையாதீர்கள். துளை மயிரளவு பெரிதானாலும் சுடர் கெட்டுவிடும்.

இந்தக் கரைக்கே உரிய ஒன்றும் உண்டு. கச்சான் பலமாக வீசும் நாள்களில் நீலச் சுடருக்குள் ஆரஞ்சுப் பொறிகள் மின்னும். சோறு பொங்கி வழிந்த பிறகும் அப்படி வரும். காற்றிலும் கஞ்சியிலும் உள்ள உப்பின் சோடியம் எரிகிற நிறம் அது. பாத்திர அடி கறுக்காதவரை அதைக் கோளாறென்று எண்ணி மெக்கானிக்கை அழைக்க வேண்டாம்.

பிறகு

புளிக்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் வழிந்தால் அன்றே துடையுங்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து ஸ்டீலைத் தின்னும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசித் துடைப்பு காவிரிக் குடிநீரில் நனைத்த துணியால் இருக்கட்டும், அதன்பின் காய்ந்த துணி. பிளீச்சிங் தண்ணீரை ஸ்டீலில் படவிடாதீர்கள். வாரம் ஒருநாள் பர்னரைக் கழற்றிப் புளியால் தேய்த்து, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். பித்தளை பளபளக்கப் புளியோடு உப்பும் சேர்க்கிற வழக்கத்தை இதில் மட்டும் விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிட்டு, அடுப்பின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். மாட்டும்போது நுரைச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சிலிண்டர் ஈரத் தரையில் நிற்காமல் ஒரு தள்ளுவண்டி ஸ்டாண்டில் இருந்தால் அடிவளையம் துருவேறாது, தரையிலும் கறை விழாது. புயல் எச்சரிக்கை வந்து வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிட்டுப் போங்கள்.

பழைய அடுப்பை விற்கும்போது பித்தளைப் பர்னரையும் ஜெட்டையும் தனியாகக் கழற்றிப் பித்தளை விலைக்குப் போடுங்கள், மொத்தமாக இரும்பு விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். குழாய் அரித்த அடுப்பை இன்னொரு வீட்டுக்கு இனாமாகக்கூடத் தரக் கூடாது. புது டியூப்பின் காலாவதி மாதத்தை கேஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதி வையுங்கள். 5 ஆண்டுக்கொருமுறை சோதனைக்கு வரும் மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் கேட்பார்.